பாராடாங் ‘ராஞ்சி’ மக்கள்: கடல் தாண்டினால் பழங்குடி என்ற அடையாளம் போய்விடுமா?

அந்தமான் டூர் பேக்கேஜில் பாராடாங் ஒரு நாள் ஐட்டம். விடியும் முன்பே ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்) கிளம்பி, ஜிர்க்காடாங் செக்போஸ்ட்டில் வரிசையில் நின்று, ஜாரவா காப்புக்காடு வழியே போலீஸ் கான்வாயில் போவீர்கள். பிறகு ஃபெர்ரி, நிலம்பூர் ஜெட்டியிலிருந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு, சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை. மதியம் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். தீவில் யார் வாழ்கிறார்கள் என்று கேட்க நேரமிருக்காது.

2011 கணக்கெடுப்பின்படி தீவின் மக்கள்தொகை சுமார் 5,700. தமிழர், வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள் எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் பாராடாங்கின் பல ஊர்களில் நீங்கள் அதிகம் பார்ப்பது ‘ராஞ்சி’ என்று அழைக்கப்படும் மக்களை. ராஞ்சி ஒரு ஊரின் பெயர்தான், ஒரு இனத்தின் பெயர் இல்லை. இன்றைய ஜார்க்கண்டையும் அதை ஒட்டிய பகுதிகளையும் சேர்ந்த சோட்டாநாக்பூர் மேட்டுநிலத்திலிருந்து வந்த ஒராவோன், முண்டா, காரியா என்ற வெவ்வேறு பழங்குடிகளுக்கு அந்தமான் வைத்த பொதுப் பெயர் அது. ஆள் எடுக்கும் அலுவலகம் இருந்த ஊரின் பெயரே ஆட்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஏன் வந்தார்கள்?

மரம் வெட்ட. 1918இல் முதல் குழு வந்தது. கைதிகளின் உழைப்பை மட்டும் வைத்துக் காட்டு வேலையை நடத்த முடியாத நிலையில் வனத்துறைக்கு ஆள் தேவைப்பட்டது. ராஞ்சியில் இயங்கிய கத்தோலிக்கத் தொழிலாளர் அலுவலகம் ஒப்பந்த அடிப்படையில் ஆட்களை அனுப்பியது. குறுகிய கால ஒப்பந்தம், முடிந்ததும் ஊருக்குக் கப்பல். ஆனால் பலர் திரும்பவில்லை. காட்டோரத்தில் கொஞ்சம் நிலத்தைத் திருத்தி நெல் போட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள்.

கங்காணியைப் பற்றிக் கேள்விப்பட்ட தமிழருக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. திருச்சி, ராமநாதபுரம் பக்கமிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் கதையும் இப்படித்தான் தொடங்கியது. அவர்களில் சில குடும்பங்கள் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இதே தீவுக்கூட்டத்தின் கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன.

சுதந்திரத்துக்குப் பிறகு என்ன ஆனது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1949 முதல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிகளை அரசு அந்தமானில் குடியமர்த்தியது. குடும்பத்துக்கு 5 ஏக்கர் சமநிலம், 5 ஏக்கர் மேட்டுநிலம் என்பது திட்டம். அந்த நிலங்களுக்காகக் காட்டை வெட்டிய வேலையில் பெரும்பங்கு ராஞ்சி தொழிலாளர்களுடையது. குடியேறியவருக்குப் பட்டா கிடைத்தது, வெட்டியவருக்குக் கூலி கிடைத்தது. தானாகத் திருத்திக்கொண்ட துண்டு நிலம் கோப்பில் ‘ஆக்கிரமிப்பு’ ஆனது. 1978க்கு முந்தைய ஆக்கிரமிப்புகள் பின்னர் ஒழுங்குபடுத்தப்பட்டாலும், அதற்குப் பின் வந்தவர்களை அகற்றச் சொன்னது உச்ச நீதிமன்றம் அமைத்த சேகர் சிங் ஆணையம். அதன் அறிக்கையை நீதிமன்றம் 2002இல் ஏற்றது.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. இவர்கள் வெட்டிய காடு ஆளில்லாத காடு இல்லை. பாராடாங் ஒரு காலத்தில் கிரேட் அந்தமானியர்களில் ஒரு பிரிவான புச்சிக்வார் மக்களின் நிலம். வெளியார் கொண்டுவந்த நோய்களில் அந்தச் சமூகம் 19ஆம் நூற்றாண்டிலேயே சிதைந்துவிட்டது.

நமக்கு உறவு, வியட்நாமுக்கும் உறவு

ஒராவோன்களின் தாய்மொழி குருக், ஒரு திராவிட மொழி. ‘நான்’ என்பதற்கு அவர்கள் ‘ஏன்’ என்பார்கள், ‘நீ’ என்பதற்கு ‘நீன்’. கண் கிட்டத்தட்ட கண்தான், முதல் எழுத்தைத் தொண்டையிலிருந்து சொல்ல வேண்டும். முண்டாரியும் காரியாவும் வேறு குடும்பம், ஆஸ்திரோ-ஆசிய மொழிகள். வியட்நாமிய மொழியும் கம்போடியாவின் க்மெரும் நிக்கோபாரியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆக பாராடாங் ஜெட்டியில் நிற்கிற ஒரு ராஞ்சி குடும்பம் மொழிவழியில் தமிழுக்கு உறவாக இருக்கலாம், வியட்நாமுக்கும் உறவாக இருக்கலாம். ஆனால் இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொதுமொழி பெரும்பாலும் சாத்ரி.

இங்கேதான் டேட்டாவில் ஒரு சிக்கல். 2011 கணக்கெடுப்பில் அந்தமானில் வங்காளம் சுமார் 28%, இந்தி 19%, தமிழ் 15%. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சாத்ரியை இந்தியின் கீழ் சேர்த்துவிடுகிறது. குருக், முண்டாரி என்று சொன்னவர்கள் தனித்தனி வரிசையில் வருவார்கள். சாத்ரி என்று சொன்னவர்கள் இந்திக்காரர்கள் ஆகிவிடுவார்கள். ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூட இது நடக்கலாம்.

சாப்பாடும் திருவிழாவும்

இவர்களுடைய அடையாளப் பானம் ஹண்டியா. சோற்றை வடித்து ஆறவைத்து, ரானு எனப்படும் மூலிகைப் புளிப்பு மாத்திரையைப் பொடித்துக் கலந்து, பானையில் சில நாள் புளிக்கவைத்து, தண்ணீர் ஊற்றி வடிகட்டிக் குடிப்பது. நம்ம ஊர் நீராகாரத்துக்குப் போதை ஏறினால் எப்படியோ அப்படி. வெளியார் கண்ணுக்கு அது சாராயம் மாதிரித் தெரியும். சோட்டாநாக்பூர் மரபில் முன்னோருக்கு முதலில் படைப்பது, கல்யாணத்தில் உறவை உறுதிசெய்வது எல்லாம் அதை வைத்துத்தான்.

இவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். கிறிஸ்துமஸும் உண்டு, கரம் மரக்கிளையை நட்டு இரவெல்லாம் ஆடிப் பாடும் கர்மா திருவிழாவும் மரபில் உண்டு. தாய்மண்ணில் வசந்தத் திருவிழாவான சர்ஹுல் சால் மரப் பூவோடு வரும். அந்தமான் காட்டில் சால் இயல்பாக வளர்வதில்லை, இங்கே படாக் மரம்தான். இடம்பெயர்ந்தவர்களின் சடங்கில் முதலில் மாறுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட பொருள்கள்தான். அப்புறம் மீன். மேட்டுநிலத்து விவசாயிகளின் பேரப்பிள்ளைகள் இன்று கடல்மீன் சாப்பிட்டு வளர்கிறார்கள். அக்கம்பக்கத்தில் வங்காளிக் கடுகெண்ணெயும் தமிழர் வீட்டுப் புளியும். இதற்கு எந்தத் திட்டமும் தேவைப்படவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பாராடாங் வழியில் சாப்பாடு பகிர்வது குற்றம். ஜாரவா மக்களுக்கு பிஸ்கட், வாழைப்பழம் எதுவும் கொடுக்கக் கூடாது. நோய், சார்பு இரண்டுமே அதில் வரும். உணவுக்காக ஜாரவா பெண்களை ஆடவைத்த வீடியோ 2012 ஜனவரியில் வெளியானபோது உலகமே திட்டியது. அதே ஆண்டு 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை திருத்தப்பட்டு தண்டனை கடுமையானது.

அந்தஸ்து என்பது வெறும் சர்டிஃபிகேட்தானே?

அப்படித் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்தமான் நிக்கோபாரின் பட்டியல் பழங்குடிகள் 1959 ஆணையின்படி ஆறு: அந்தமானியர், ஜாரவா, நிக்கோபாரி, ஓங்கே, சென்டினலீஸ், ஷோம்பென். 2011இல் மொத்தம் 28,530 பேர். ஒராவோன், முண்டா, காரியா அதில் இல்லை. ஜார்க்கண்டில் இவர்கள் எஸ்.டி., மேற்கு வங்கத் தேயிலைத் தோட்டத்தில் எஸ்.டி., அஸ்ஸாம் எல்லையைத் தாண்டினால் இல்லை, கடலைத் தாண்டினாலும் இல்லை. அரசியலமைப்பின் 342ஆவது பிரிவு பட்டியலை மாநில வாரியாகவும் யூனியன் பிரதேச வாரியாகவும் போடுகிறது. இடம்பெயர்ந்தவர் அந்தஸ்தைக் கையோடு கொண்டுபோக முடியாது என்று மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இட ஒதுக்கீட்டை விடப் பெரிய விஷயம் நிலம். 2006 வன உரிமைச் சட்டத்தின்படி, எஸ்.டி. குடும்பம் 2005 டிசம்பர் 13க்கு முன் வன நிலத்தில் இருந்தது என்று காட்டினால் போதும். எஸ்.டி. அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பின்னோக்கி எண்ணினால் 1930. உங்கள் தாத்தா 1950களில் மரம் வெட்ட வந்தவர் என்றால் கணக்கு உதைக்கும். 1918இல் வந்த கொள்ளுத்தாத்தாவுக்கோ ஒப்பந்தக் கூலி என்பதைத் தவிர வேறு காகிதம் எங்கே இருக்கும்?

பட்டியலில் சேர்வது எப்படி என்றால், யூனியன் பிரதேச நிர்வாகம் பரிந்துரைக்க வேண்டும், இந்தியத் தலைமைப் பதிவாளரும் தேசியப் பழங்குடியினர் ஆணையமும் ஒப்ப வேண்டும், பிறகு நாடாளுமன்றத்தில் சட்டம். இன்றும் பார்க்கப்படும் அளவுகோல்கள் 1965 லோகூர் குழு வகுத்தவை. அதில் ஒன்று, ‘பிற சமூகங்களுடன் பழகத் தயங்குவது’. நூறு ஆண்டாக எல்லோருடனும் பழகி, எல்லோர் வயலையும் திருத்திக்கொடுத்த சமூகத்துக்கு இது மைனஸ் மார்க். நன்றாகக் கலந்து வாழ்ந்ததே எதிராக நிற்கும் விசித்திரம் இது.

செக் குடியரசைப் பாருங்கள். சோஷலிச காலத் தொழிலாளர் ஒப்பந்தங்களில் போன வியட்நாமியர்கள் 1989க்குப் பிறகு கடைக்காரர்கள் ஆனார்கள். ப்ராக் நகரின் சாப்பா சந்தை அவர்களுடையது, ஃபோ சூப் செக் மக்களின் மதிய உணவாகிவிட்டது. அங்கும் சாப்பாட்டை ஏற்றுக்கொண்டது முதலில், சமூகத்தை ஏற்றது பிறகு. ஆனால் 2013இல் தேசிய சிறுபான்மையினருக்கான அரசுக் கவுன்சிலில் வியட்நாமியருக்கு இடம் கிடைத்தது. ராஞ்சி மக்களின் முதல் குழு அந்தமானுக்கு வந்து அப்போது 95 ஆண்டு.

அடுத்த கணக்கெடுப்பின் தேதி 2027 மார்ச் 1. இந்த முறை சாதியும் கேட்கப்படும். தாய்மொழிக் கேள்விக்கு பாராடாங் வீடுகளில் சாத்ரி என்று பதில் வந்து, பழைய வகைப்பாடும் மாறாமல் இருந்தால், அது மறுபடியும் இந்திக் கணக்கில்தான் போய்ச் சேரும்.