கிளிஞ்சலும் கம்பியும்

சுவர் மூச்சு விடும் என்று எனக்குச் சொன்னவர் ஒரு கொத்தனார். எழுபது வயதைத் தாண்டியவர். அவர் சொன்னபோது நான் சிரித்தேன். பிறகு சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் தாயார் வழிப் பாட்டனாரின் வீடு இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஆன வீடு. 2015-ம் வருஷக் கடைசியில் சென்னையையும் திருவள்ளூர் ஜில்லாவையும் மூழ்கடித்த வெள்ளம் அந்த வீட்டுக் கூடத்தில் மூன்று நாள் குடியிருந்துவிட்டுப் போயிற்று. வெள்ளம் வடிந்தபின் சுவரைப் பார்த்தோம். இடுப்பு உயரத்துக்கு ஈரம். இரண்டொரு இடத்தில் காரை பெயர்ந்திருந்தது. அவ்வளவுதான். வீடு நின்றது.

நாங்கள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் படித்தவர்கள் அல்லவா? காண்டிராக்டர் ஒருவரைப் பிடித்தோம். அவர் பழைய காரையை எல்லாம் கொத்தி எறிந்துவிட்டு, சிமெண்டைக் குழைத்து, கண்ணாடி போலப் பூசிக் கொடுத்தார். பார்க்க வெகு அழகு. மறு வருஷம் டிசம்பர் மாதம் வர்தா புயல் வந்தது. புயலுக்குப் பின் பார்த்தால் கூடத்துச் சுவரில் சிமெண்டுப் பூச்சு பலகை பலகையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இருந்த செங்கல்லை விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. வெள்ளத்தில் கரையாத செங்கல், பழுதுபார்த்த பிறகு கரைந்துவிட்டது!

அப்போதுதான் கிழவர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். டாக்டர் மார்பைத் தட்டிப் பார்ப்பது போலத்தான்.

"செவுத்த இறுக்கி மூடிட்டாங்க ஐயா. உள்ளாற போன தண்ணி எந்த வழியா வெளியே வரும்? சுண்ணாம்பு மூச்சு உடும். சிமிட்டி உடாது."

இதற்குமேல் அவர் விளக்கவில்லை. விளக்கத்தைத் தேடிப் போனபோதுதான் இந்தக் கட்டுரைக்கு விஷயம் கிடைத்தது.

அதன் ஊற்று வெகு தூரத்தில் இல்லை. எங்கள் கிராமத்திலிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு. நேயர்களில் பலர் பூநாரைகளைப் பார்க்க அங்கே போயிருப்பீர்கள். அந்த ஏரியின் அடியில் கிளிஞ்சலும் சிப்பியும் படிவம் படிவமாகக் கிடக்கின்றன. எத்தனையோ தலைமுறைகளாக வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள். அவற்றை வாரி, விறகும் கரியும் அடுக்கி, காளவாயில் வேகவைத்தால் சுண்ணாம்பு. 100 மணங்கு கிளிஞ்சலை வேகவைத்தால் 56 மணங்குதான் மிஞ்சும். மீதி கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. தண்ணீர் தெளித்தால் கொதித்து நீறாகிறது. அதைக் குழைத்துச் சுவரில் பூசிய பிறகு நடப்பதுதான் வேடிக்கை. பறந்துபோன அதே வாயுவைக் காற்றிலிருந்து மெள்ள மெள்ள இழுத்துக்கொண்டு, சுண்ணாம்பு மறுபடியும் கிளிஞ்சலாக மாறத் தொடங்குகிறது. வடிவம் வேறு, பொருள் ஒன்றுதான். கனத்த சுவரின் உட்புறத்தில் இந்த மாறுதல் முடியப் பல வருஷங்கள் ஆகும். சிறு கீறல் விழுந்தால், மழை நீரில் கரைந்த சுண்ணாம்பு அந்தக் கீறலுக்குள் ஓடிப் படிந்து தானே அடைத்துக்கொள்வதும் உண்டு. ஈரம் உள்ளே வந்தால் வந்த வழியே வெளியே போகும். சிமெண்டுப் பூச்சோ, வெளியே போக வழி விடுவதில்லை. செங்கல்லிலேயே தங்கிய நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, பூச்சுக்குப் பின்னால் உப்பு பூத்து, செங்கல்லை அரித்துவிடுகிறது. கிழவர் இரண்டு வார்த்தையில் சொன்னது இதுதான்.

பழவேற்காட்டுக்குச் சுண்ணாம்பைத் தவிரச் சரித்திரமும் உண்டு. 1610-ல் விஜயநகர அரசரிடம் உரிமை பெற்று டச்சுக்காரர்கள் அங்கே பண்டகசாலை அமைத்தார்கள். 1612-ல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர் வந்து அதை அழித்தார்கள். அழிந்ததைப் பழுதுபார்த்து அதே மாதிரி கட்டிக்கொள்ளும் புத்தி டச்சுக்காரர்களுக்கு இல்லை. 1613-ல் கோட்டையாகவே எழுப்பிவிட்டார்கள். கெல்ட்ரியா என்று அதற்குப் பெயர். இன்று அந்தக் கோட்டை இருந்த இடத்தில் அகழியும் புதர் மண்டிய மேடும்தான் மிச்சம். கோட்டைக்குள் இருந்தவர்களில் பலர் பக்கத்து இடுகாட்டில் படுத்திருக்கிறார்கள். அதன் வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் வருகிறவர்களை வரவேற்கின்றன. உயிருள்ளவர்களின் கோட்டை போயிற்று, இறந்தவர்களின் வீடு நிற்கிறது. தொல்பொருள் இலாகா அதைக் காத்துவருகிறது.

அந்தச் சுண்ணாம்பு சென்னைக்கு எப்படிப் போயிற்று? தண்ணீர் வழியாக. 1806-ல் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டி முடித்தார். பிறகு அது பழவேற்காடு ஏரியைத் தொட்டது. 1837-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களைக் கொண்டு, கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே வெட்டுவித்தார். 1878-ல் அவர் பெயரே நிலைத்தது. விறகும் உப்பும் மீனும் கிளிஞ்சலும் அதில் படகு படகாகச் சென்னைக்கு வந்தன. பக்கிங்ஹாம் கால்வாய் என்றால் இன்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். சென்னையின் மாளிகைகளில் எத்தனையோ கூரைகள் அந்தத் தண்ணீரில் மிதந்து வந்தவை.

'மதராஸ் சுண்ணம்' என்று வெள்ளைக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். மெருகிட்ட அந்தப் பூச்சைப் பளிங்கு என்றே நினைத்து ஏமாந்த யாத்திரிகர்கள் உண்டு. பூச்சு இருக்கட்டும். கூரைதான் விசேஷம். தேக்கு விட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்வாக, செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை எகிறினால் கலவை இறுகிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் தட்டோடு. 'மெட்ராஸ் டெரஸ்' என்று எஞ்சினீயர்கள் சொல்வது இதைத்தான். மழைக்கும் வெயிலுக்கும் இதைப் போல வேறில்லை.

ஒரே ஒரு பகைவன் உண்டு: நெருப்பு. 1680-ல் ஜார்ஜ் கோட்டைக்குள் செயின்ட் மேரி மாதா கோயிலைக் கட்டியவர்கள் இதை அறிந்திருக்கவேண்டும். பீரங்கிக் குண்டுக்குப் பயந்து, கூரையில் மரமே சேர்க்காமல், இரண்டடி கனத்துக்குச் செங்கல் வளைவாகக் கட்டினார்கள். இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் எல்லோராலும் அப்படிக் கட்ட முடியுமா?

ஆர்க்காட்டு நவாப் வாலாஜா முகம்மது அலி 1768-ல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார். பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி எஞ்சினீயர் கட்டிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். நவாபுக்குக் கடன் கொடுத்துப் பெரும் பணம் சேர்த்தவரும் அவரே. அந்தக் கடன் விவகாரம் லண்டன் பார்லிமெண்ட் வரை போய், 1785-ல் எட்மண்ட் பர்க் பொரிந்து தள்ளினார். அது வேறு கதை. வட்டியும் முதலும் போய்விட்டன, கட்டடம் இருக்கிறது. ஹுமாயூன் மஹால், கலஸ் மஹால் என்று இரண்டு பகுதிகள். 1855-ல் கடைசி நவாப் இறந்தபின் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. ராபர்ட் சிஷோம் இரண்டுக்கும் நடுவே ஒரு கோபுரத்தை எழுப்பினார். நவாபின் தர்பார் போய், காகிதத்தின் தர்பார் வந்தது. அலுவலகங்கள், அலமாரிகள், கட்டுக் கட்டாக பைல்கள்.

2012 பொங்கல் விடுமுறை இரவில் கலஸ் மஹால் தீப்பிடித்தது. தேக்கு விட்டம் இரும்பைப் போல அல்ல. மேலே கரிந்தாலும் உள்ளே நிதானமாகத்தான் வேகும். மணிக்கு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று கணக்கு. இரும்பு ஐந்நூறு அறுநூறு டிகிரி சூட்டில் பாதி பலத்தை இழந்து வளைந்துவிடும். மரம் கடைசிவரை பொறுத்திருந்து பிறகு முறியும். முறிந்தால் அதன் மேலிருக்கும் செங்கல்லும் சுண்ணாம்பும் டன் கணக்கில் ஒரேயடியாக இறங்கும். அன்றிரவும் கூரை இறங்கியது. உள்ளே போராடிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர் துறந்தார். பிரியா ரவிச்சந்திரன் என்ற பெண் அதிகாரி கடுமையான தீக்காயம் பட்டார். பழைய கட்டடங்களின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கூரையற்ற நான்கு சுவர்கள் கடற்கரைக் காற்றில் நின்றன. இடித்துவிடலாம் என்ற யோசனை உடனே எழுந்தது. அதில் அநியாயம் ஒன்றுமில்லை. தீ பட்ட சுவரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கடும் சூடு பட்ட இடத்தில் காரையிலுள்ள சுண்ணாம்பு மறுபடியும் வெந்துபோகிறது. அதன்மேல் தீயணைக்கும் தண்ணீர் கொட்டுகிறது. தீயினால் பாதி, நீரினால் பாதி. ஆனால் கனத்த சுவரில் இந்தக் கேடு மேலோடு நின்றுவிடும். நிபுணர்கள் பார்த்தார்கள், வாதாடினார்கள். கடைசியில் பழுதுபார்ப்பது என்றே அரசாங்கம் முடிவு செய்தது. பொதுப்பணித் துறையினர் வேலையை ஏற்றார்கள்.

இங்கேதான் சங்கடம் வந்தது. சுவர் இருக்கிறது, பணமும் இருக்கிறது. கைவேலை எங்கே? சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்கள், டெரஸ் அடிக்கத் தெரிந்தவர்கள், வெல்லம் எவ்வளவு கடுக்காய் எவ்வளவு என்று அறிந்தவர்கள் எத்தனை பேர்? எஞ்சினீயரிங் கல்லூரியில் இது பாடமில்லை. இரண்டு தலைமுறையாகத் தேவைப்படாத வித்தை. தேடிப் பிடித்து, சொல்லிக்கொடுத்து, அரைத்து, ஊறவைத்துத்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. கரிந்த மரத்தை அகற்றித் தேக்கு போட்டார்கள். கூரையைப் பழைய முறையிலேயே அடித்தார்கள். சுண்ணாம்புக் கலவையில் கடுக்காயும் வெல்லமும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ந்தன. வருஷக்கணக்கில் வேலை நடந்தது. அதன்பின் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கலஸ் மஹாலில் குடியேறியது. பக்கத்தில் பாழடைந்து கிடந்த ஹுமாயூன் மஹாலும் அதே கையோடு சீர்பெற்றது. ஒரு தீ விபத்து நேராவிட்டால் இரண்டுமே மெள்ள மெள்ளச் செத்திருக்கும் என்று நினைக்கிறேன். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஓர் உயிர் போயிருக்கிறதே.

சிமெண்டைத் திட்டுவதாக யாரும் எண்ணவேண்டாம். அதற்கும் நம் கிளிஞ்சலோடு உறவு உண்டு. இந்தியாவில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சிகளில் ஒன்று சென்னையில், 1904-ல், கடல் கிளிஞ்சலைக் கொண்டே நடந்தது. அது தோற்றது. 1914-ல் போர்பந்தரில் வெற்றி கிடைத்தது. தோற்றிராவிட்டால் பழவேற்காடு ஏரி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் பூநாரைகளுக்காகச் சந்தோஷப்படத் தோன்றுகிறது.

பழவேற்காட்டிலிருந்து திரும்பும்போது கும்மிடிப்பூண்டி வழியாக வந்தேன். இரும்பை உருக்கிக் கம்பியாக நீட்டும் ஆலைகள் அங்கே பல. செக்கச் சிவந்த கம்பிகளைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அந்தக் கம்பி இல்லாமல் இன்று ஒரு மாடி எழும்பாது. ஏரிக்கரையில் சுண்ணாம்பு, சற்றுத் தள்ளிக் கம்பி. ஒரு ஜில்லாவுக்கு இரண்டு யுகம்! கம்பிக்கும் நோய் உண்டு. உப்புக்காற்றும் வெள்ள நீரும் கான்கிரீட்டுக்குள் புகுந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கிறது. இடம் இல்லையென்றால் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. துருப்பிடித்த இடம் முழுவதையும் கொத்தி எடுத்து, கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தேவையானால் புதுக்கம்பி கட்டி, பிறகு மூடவேண்டும். மேலாகப் பூசினால் இரண்டு மழைக்குத் தாங்காது. தீ பட்ட கான்கிரீட்டானால் நிறத்தைப் பார்ப்பார்கள். முந்நூறு டிகிரியைத் தாண்டிய இடத்தில் அது பெரும்பாலும் இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். எஞ்சினீயருக்கும் கொத்தனாருக்கும் முதல் வேலை ஒன்றுதான். தட்டிப் பார்த்துக் கேட்பது.

எங்கள் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். கிழவர் சிமெண்டுப் பூச்சை முழுவதும் உரித்தார். "இப்ப ஒண்ணும் செய்யாதீங்க. ஒரு கோடை காயட்டும்" என்றார். சித்திரை, வைகாசி, ஆனி. சுவர் நிர்வாணமாக நின்றது. வந்தவர்கள் எல்லாம் பணம் தட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள். உதிர்ந்த செங்கல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, இடிந்த வீடுகளிலிருந்து வாங்கிய பழைய செங்கல்லைச் சொருகினார். கொல்லையில் குழி வெட்டிக் கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறப்போட்டார். பதினைந்து நாள் கழித்து நான் போய், "ஆரம்பிக்கலாமா?" என்றேன். குழியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"வெண்ணெய் மாதிரி வரணும் ஐயா. இன்னும் பத்து நாள் போவட்டும்."

கூடம் முடிந்துவிட்டது. ஒரு முறை பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, மெல்லிய பூச்சாக மூன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்தது. வடிந்த பின் ஈரம் ஒரு கோடு போட்டிருந்தது. மாசி மாதத்துக்குள் அந்தக் கோடு மறைந்தது. வாசல் சுவர் மட்டும் பாக்கி. கிழவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை; பேரனை உடன் அழைத்து வருகிறார். பேரன் கும்மிடிப்பூண்டியில் கம்பி ஆலையில் வேலை பார்க்கிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஓய்வு. அதனால் வேலை நத்தை வேகத்தில் நடக்கிறது.