இறங்காமல் ஓட்டும் உரிமை: கிள்ளான் பள்ளத்தாக்கில் எஃகு மிதிவண்டி

சக்கரம், சங்கிலி, கைப்பிடி, இருக்கை ஆகிய அனைத்தையும் கழற்றிய பின் எஞ்சும் வெற்றுச் சட்டகமே மிதிவண்டியின் உடல். ஏனைய உறுப்புகள் தேய்வதற்கும் மாற்றப்படுவதற்கும் உரியவை. 1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் மிதிவண்டி, மிதிப்பவரின் விசையைச் சங்கிலி வழியே பின்சக்கரத்துக்குக் கொண்டுசென்றது. அதைத் தொடர்ந்து வந்த சில ஆண்டுகளில், இன்று சைக்கிள் கடைக்காரர்கள் ஃபிரேம் என்று அழைக்கும் வைர வடிவச் சட்டகம் நிலைபெற்றது. அதன் எஃகுக் குழாய்கள் லக் எனப்படும் பொருத்துக் கூடுகளுக்குள் செருகப்பட்டு, பித்தளைப் பற்றாசை உருக்கி ஊற்றி இணைக்கப்பட்டன. குழாய் உருகாமல் பற்றாசு மட்டுமே உருகும் இணைப்பு என்பதால், நெளிந்த குழாயைச் சூடேற்றிப் பிரித்து வேறொன்றைப் பொருத்துவதற்குத் தொழிற்சாலை தேவையில்லை, தீக்குழலும் கைப்பழக்கமும் போதும். எஃகு மிதிவண்டி தலைமுறைகளைத் தாண்டி வாழ்ந்ததற்கு இந்த எளிய உண்மையே காரணம்.

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் பள்ளத்தாக்கில் போக்குவரத்தின் முதல் பெரிய மாற்றம் 1886இல் நிகழ்ந்தது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலிருந்த புக்கிட் கூடா வரை அவ்வாண்டு ரயில் பாதை திறக்கப்பட்டது. ரயில்வேயைச் சார்ந்து வளர்ந்த பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த எழுத்தர்களும் தொழிலாளர்களும் குடியேறினர். 1915இல் கட்டப்பட்ட ரயில்வே குடியிருப்பு அவர்களின் தெருக்களுக்கு ஒரு வடிவம் தந்தது. ஆனால் ரயில் நிலையத்துக்கும் தோட்டத்துக்கும், தோட்டத்துக்கும் கடைத்தெருவுக்கும் இடையே இருந்த செம்மண் சாலைகளில் ரயில் ஓடவில்லை. ஐரோப்பிய அதிகாரிகளின் பொழுதுபோக்காக வந்த மிதிவண்டி, விலை குறையக் குறைய, அந்த இடைவெளியை நிரப்பும் வாகனமாயிற்று. பால்காரரும் ரொட்டிக்காரரும் கடலை விற்பவரும் அதையே நம்பித் தொழில் செய்தனர். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற பிறகு பெருகிய ரப்பர் தேவையை, சிலாங்கூரில் அதிகாலையில் பால்மரம் வெட்டிய தமிழர்களின் உழைப்பும் சேர்ந்துதான் ஈடுசெய்தது என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். உலகத்தின் சக்கரங்களுக்கு ரப்பர் எடுத்துக் கொடுத்த அவர்களுக்குச் சொந்தச் சக்கரம் கிட்ட நெடுங்காலம் ஆயிற்று. கிட்டிய பின்னரும் அதை விரும்பியபடி ஓட்ட அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை.

இதற்குரிய சான்று 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. ஆர். எச். நாதன் முன்னின்று இயங்கிய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தூண்டுதலால் அவ்வாண்டின் முற்பகுதியில் தோட்டத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, கொடுமை செய்யும் மேற்பார்வையாளர்களை நீக்குதல், பெண்களிடம் அத்துமீறுவோரைத் தடுத்தல், முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி ஆகியவை கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றோடு, துரைமார் எனப்பட்ட தோட்ட மேலாளர்களும் கிராணிமாரும் எதிரில் வந்தாலும் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் கோரப்பட்டது. கிராணி என்பவர் தோட்ட அலுவலகத்தின் எழுத்தர். பல தோட்டங்களில் அவரும் தமிழராகவோ மலையாளியாகவோ இருந்தார். அவரைக் கண்டதும் வண்டியை விட்டு இறங்கி, அவர் கடக்கும்வரை காத்திருந்து, பின்பு ஏறிச் செல்வதே தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட நடைமுறை.

கூலி உயர்வோடு ஒப்பிட்டால் இது அற்பமான கோரிக்கையாகச் சிலருக்குத் தோன்றலாம். அவ்வாறு கருதுவது பிழை. லயத்து வீடு, கோயில், பள்ளி, கள்ளுக்கடை ஆகிய எல்லாம் தோட்டத்து எல்லைக்குள்ளேயே அடங்கிய ஒரு வாழ்வில், சொந்த மிதிவண்டியே தொழிலாளியை அடுத்த தோட்டத்து உறவினரிடமும், பட்டணத்துக் கடைக்கும், சங்கக் கூட்டத்துக்கும் கொண்டுசெல்லும் கருவியாக இருந்தது. தன் கூலியில் வாங்கிய பொருளின் மேல் நிமிர்ந்து அமர்ந்து செல்லும் ஒருவரை இறங்கச் செய்வது, அவர் எவ்வளவு தூரம் போனாலும் கூலிக்காரரே என்று நாள்தோறும் நினைவூட்டும் ஏற்பாடு. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். போராட்டம் பரவியபோது சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, படைகள் வரவழைக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மலேசியத் தமிழர் வரலாற்றில் மிதிவண்டிக்கு இதைவிடக் கனமான அத்தியாயம் வேறில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் மலாயாவின் மீது படையெடுத்த ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூரைக் கைப்பற்றியது. அதன் படைத்திட்ட அதிகாரி மசனோபு சுஜி பின்னர் எழுதிய நூலின்படி, ஒவ்வொரு டிவிஷனிடமும் ஏறத்தாழ 6,000 மிதிவண்டிகள் இருந்தன. ஒவ்வொரு கம்பெனியோடும் பழுதுபார்ப்பவர் இருவர் சென்றனர். வெப்பத்தில் டயர்கள் வெடித்தபோது வீரர்கள் வெறும் ரிம்மின் மேலேயே ஓட்டினர். அந்த இரைச்சலை டாங்கிகளின் ஓசை என்று எதிர்ப்படை இரவில் மயங்கியதும் உண்டு. போருக்கு முன்பே மலிவான ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் பரவலாக விற்கப்பட்டிருந்ததால், உதிரிப் பாகங்கள் வழியெங்கும் கிடைத்தன என்பது சுஜியின் கூற்றில் முக்கியமானது. ஊர்தோறும் இருந்த சிறிய சைக்கிள் கடையின் சரக்கு ஒரு படையெடுப்புக்கே பயன்பட்டது. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் நிலைமை தலைகீழாயிற்று: காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேராமலிருக்க, சோதனைச் சாவடிகளில் தொழிலாளர்களின் மிதிவண்டிக் குழாய்களுக்குள்ளும் காற்றடிக்கும் பம்புகளுக்குள்ளும் அரிசி தேடப்பட்டது.

பின்னர் மோட்டார்சைக்கிள் பெருகியது. 1970களில் கூட்டரசு நெடுஞ்சாலையோரம் அதற்கெனத் தனிப்பாதையும் அமைந்தது. மிதிவண்டி விளையாட்டுக்காரர்களின் கைக்கு மாறிற்று. 1978 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியின் மிதிவண்டிச் சாலைப் பந்தயத்தில் மலேசியாவின் இங் ஜூ ஙான் தங்கம் வென்றார். எஃகுப் பந்தய வண்டிகளின் காலம் அது. நுனிகளில் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் இழுக்கப்பட்ட குழாய்களால் அவை செய்யப்பட்டன. 1935இல் இங்கிலாந்தில் அறிமுகமான ரெனால்ட்ஸ் 531 இவ்வகைக் குழாய்களில் புகழ்பெற்றது.

இத்தகைய சட்டகம் ஒன்றை இன்று மீட்டெடுப்பவர் முதலில் எதிர்கொள்வது துருவை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் இப்பகுதியில், இருக்கைக் குழாய் வழியே இறங்கும் நீர், மிதிகட்டை அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் என்னும் கூட்டில் தேங்கி, வெளிப்பூச்சு பளபளப்பாக இருக்கும்போதே உட்புறத்தை அரித்துவிடுகிறது. ஆகவே வண்ணம் பற்றி யோசிப்பதற்கு முன் அந்தக் கூட்டைத் திறந்து பார்த்தாக வேண்டும். அதைத் திறப்பதற்கே வண்டியின் பிறப்பிடம் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலேய முறையில் சங்கிலிப் பக்கத்துத் திருகுமறை இடமாகத் திரும்பும், இத்தாலிய முறையில் இரு பக்கமும் வலமாகவே திரும்பும். நாட்டிங்ஹாமில் செய்யப்பட்ட பழைய ராலே வண்டிகள் பலவற்றில் அங்குலத்துக்கு 26 மறைகள் இருப்பதால், 24 மறைகளுள்ள வழக்கமான பாகம் அவற்றில் ஏறாது; வலிந்து திருகினால் கூடு பாழாகும். பின்சக்கரம் அமரும் இடைவெளி, ஐந்து பல்சக்கரங்களின் காலத்தில் 120 மில்லிமீட்டராக இருந்து பின்னர் 126, 130 என விரிந்தது. எஃகு வளைந்து கொடுக்கும் உலோகமாதலால், தேர்ந்த கை, நூல் பிடித்து நேர்மை பார்த்து, சூடேற்றாமலேயே அதை விரித்துவிடலாம். அலுமினியத்தில் இது ஆபத்து. சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது, பேரிங் குண்டுகளுக்குக் கிரீஸ் இட்டு கோனை அளவாக இறுக்குவது போன்ற ஏனைய வேலைகள் எந்தச் சைக்கிள் கடையிலும் என்றும் நடந்தவையே.

மீட்டெடுப்பவர்கள் பெரும்பாலும் பெயர்பெற்ற பந்தய வண்டிகளையே தேடுகிறார்கள். 28 அங்குலச் சக்கரங்களோடு தோட்டத்துச் சாலைகளில் ஓடிய கனமான சாதாரண வண்டியை விரும்புவோர் குறைவு. ஆனால் 1941இன் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது அந்தச் சாதாரண வண்டிதான். அதற்குரிய டயர்கள் இந்தியாவில் இன்றும் உற்பத்தியாகின்றன என்பதால் அதை ஓடவைப்பதும் அரிதன்று. பழைய லயத்து வீடுகளின் பின்புறத்தில் அப்படியொரு சட்டகம் கிடக்கக் காண்போர், அதைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன், அதில் பொறித்த எண்ணையும், அது எந்தத் தோட்டத்தில் யாரிடம் இருந்தது என்பதையும் குடும்பத்து மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.