யூஜின் ஸ்மித்தும் நிழற்பட நிதியும்

செய்தி நிழற்படக் கலைஞருக்குக் கருவியினும் அரியது காலம். இதழ்களோ அதைத் தருவதில்லை. அமெரிக்கரான யூஜின் ஸ்மித் வாழ்நாளெல்லாம் இதனோடு போராடினார். ஆல்பர்ட் சுவைட்சரைப் பற்றிய படக்கட்டுரை தம் விருப்பப்படி வெளிவராததால், 'லைஃப்' இதழை விட்டு விலகினார்.

1955இல் பிட்ஸ்பர்க் நகர் பற்றிய நூலுக்கு நூறு படங்கள் எடுக்கச் சென்றார். மூன்று வார வேலை. அவரோ எஃகு உலைகளையும் தொழிலாளர் தெருக்களையும் விட்டுவர மனமின்றிப் பல்லாயிரம் படங்களை எடுத்துக் குவித்தார். கைப்பொருள் கரைந்தது. 1956இலும் 1957இலும் குக்கென்ஹைம் அறநிறுவனம் வழங்கிய உதவித்தொகையே அப்பணியைத் தாங்கியது. ஆயினும் அவர் கனவு கண்ட நூல் அவர் காலத்தில் உருப்பெறவில்லை. 'ஃபோட்டோகிராஃபி ஆனுவல்' என்னும் இதழின் 1959ஆம் ஆண்டு மலரில் 88 படங்கள் வந்தன. அதனையும் தோல்வியென்றே அவர் கருதினார். கணக்குப் பார்ப்போர் அத்தொகையை வீண் என்பர். ஆனால், எஃகு உலைகள் பெரும்பாலும் அணைந்துவிட்ட அந்நகரின் பழைய வாழ்வை இன்று அறிய விரும்புவோர் அப்படங்களைத்தான் நாடுகின்றனர்.

ஸ்மித் 1978இல் மறைந்தார். மறு ஆண்டே அவர் பெயரால் ஒரு நிதி நிறுவப்பெற்றது. 1980இல் அதன் முதல் உதவி, பார்வையற்ற குழந்தைகளைப் படமெடுத்துவந்த ஜேன் எவலின் அட்வுட்டுக்குக் கிடைத்தது. 1982இல் பிரேசில் நாட்டுச் செபஸ்தியோ சல்காடோவும் பெற்றார்.