வலைக்குத் துவர்ப்பு, தோலுக்கு எண்ணெய்

வேலூர், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் பதனிடும் வட்டாரம் கடலிலிருந்து வெகுதொலைவு உள்ளே அமைந்தது. எனினும், மீன்பிடி வலைகளிலும் கயிறுகளிலும் திமிங்கிலங்கள் சிக்கி மாளும் இன்றைய நிலைமையின் வரலாற்றைப் பின்னோக்கித் தொடர்ந்தால், அது தோல் தொழிலின் வேதியியலை இரண்டு இடங்களில் தொடுகிறது.

முதலாவது துவர்ப்பு. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டியில் பச்சைத்தோல் பதமாவது, அவற்றிலிருந்து இறங்கும் டானின் என்னும் துவர்ப்பொருள் தோலின் புரத இழைகளோடு பிணைந்து, அவற்றை நுண்ணுயிர்கள் அழுகச் செய்யாதபடி காப்பதால்தான். கடற்கரையில் பருத்தி நூலாலும் சணப்பை நாராலும் வலை முடைந்தவர்களும் இத்துவர்ப்பொருளையே நாடினர். நனைந்தும் காய்ந்தும் வலை இற்றுப்போகாதிருக்க, மரப்பட்டைக் கஷாயத்திலோ பனிச்சங்காய்ச் சாற்றிலோ அதைத் தோய்த்து உலர்த்தினர், சாயம் வெளுக்கும்போதெல்லாம் மீண்டும் தோய்த்தனர். இத்தனை பாடுபட்டும் அவ்வலைக்கு ஆயுள் குறைவுதான். பெருந்திமிங்கிலம் ஒன்று அதில் மோதினால் வலை கிழிவதற்கே வாய்ப்பு மிகுதி. கடலில் தவறவிட்ட வலையும் நாளடைவில் மக்கிப்போகும். அன்றைய மீனவருக்கு இது நட்டமே, ஆனால் அந்நட்டத்தில் திமிங்கிலத்துக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது.

1952இல் கையெழுத்தான இந்திய–நார்வே உடன்பாட்டின்கீழ் கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் தொடங்கிய திட்டமும், அதைத் தொடர்ந்து மாநில அரசுகள் விசைப்படகுகளுக்கு அளித்த ஊக்கமும் மீன்பிடிப்பை மாற்றிய காலத்திலேயே, நைலான் நூல் பருத்தியின் இடத்தைப் பிடித்தது. நைலானுக்குத் துவர்ப்பு வேண்டாம். அது அழுகாது, நீரில் கண்ணுக்கு எளிதில் புலப்படாது, தடிமனுக்கு மீறிய இழுவலிமை உடையது. பின்னர் வந்த ஒற்றை இழைத் தங்கூசி வலை இவ்வியல்புகளை மேலும் கூட்டியது. மீன் தன் செவுளால் மாட்டிக்கொள்ளும் செவுள் வலைகள், குறிப்பாகச் சூரை போன்ற பெருமீன்களுக்காக ஆழ்கடலில் மிதக்கவிடப்படும் அகன்ற கண்ணி வலைகள், கிலோமீட்டர் கணக்கில் நீண்டன.

சிக்கிய டால்பின் போன்ற சிறிய உயிரினம் மூச்சுவிட மேலே வர முடியாமல் சில நிமிடங்களில் மூழ்கி இறக்கிறது. பெருந்திமிங்கிலமோ வலையையோ கயிற்றையோ பிய்த்துக்கொண்டு செல்லும் வலிமை உடையதாதலால், வாலடியிலும் வாயிலும் சுற்றிய கயிறு சதையை அறுக்க, அதை மாதக்கணக்கில் இழுத்துத் திரிந்து, இரையெடுக்க இயலாமல் மெலிந்து மடிகிறது. ஓமன் கரையை ஒட்டிய அரபிக் கடலை இருப்பிடமாகக் கொண்ட, எண்ணிக்கையில் நூறுக்கும் குறைவென மதிப்பிடப்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கின் வாலடியில் இத்தகைய தழும்புகள் காணப்பட்டன. இக்கூட்டத்தைச் சேர்ந்த ஒன்று 2017 இறுதியில் அரபிக் கடலைக் கடந்து இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்ததைச் செயற்கைக்கோள் கருவி காட்டியது. 1950 முதல் 2018 வரை இந்தியப் பெருங்கடலின் சூரை செவுள் வலைகளில் சிக்கிய சிறு திமிங்கில இனங்களும் டால்பின்களும் சுமார் 41 லட்சம் என்பது 2020இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீடு. 2016 ஜனவரியில் திருச்செந்தூரை அடுத்த மணப்பாட்டுக் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது நாடே பார்த்தது. கரையொதுங்கல் வேறு, வலையில் சிக்குதல் வேறு. பின்னது கரைக்கு வராமலே நிகழ்வதால் செய்தியாவதில்லை.

இரண்டாவது தொடர்பு எண்ணெய். குரோமியம் உப்பால் பதனிட்ட தோல் காய்ந்தால் விறைத்துப்போகும் என்பதால், நீரில் குழம்பாகக் கலந்த எண்ணெயை அதன் இழைகளுக்குள் ஏற்றுவது இன்றியமையாத படியாகும். இதற்கு, எண்ணெய்த் திமிங்கிலம் என்னும் இனத்திலிருந்து எடுத்துக் கந்தக அமிலத்தால் மாற்றப்பட்ட எண்ணெய் உலகத் தோல் தொழிலில் உயர்வாகக் கருதப்பட்டது. மற்ற எண்ணெய்களைப்போலக் கொழுப்பாக இல்லாமல் பெரும்பாலும் மெழுகுத்தன்மை கொண்டிருந்ததால், எளிதில் சிக்குவாடை அடிக்காமல் தோலுக்குத் தனி மென்மை தந்தது. தோலின் மென்மைக்காகத் திமிங்கிலம் வேண்டுமென்றே கொல்லப்பட்ட காலம் அது.

அந்தக் காலத்தை முடித்துவைத்ததில் சந்தைக்கும் பங்குண்டு. 1979இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் இந்தியப் பெருங்கடலை வேட்டையற்ற புகலிடமாக அறிவித்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1981இல் இயற்றி, 1982 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய இறக்குமதி விதி, திமிங்கில இறைச்சியோடு நிற்காமல், திமிங்கில எண்ணெய் ஏற்றிய தோலையும் அத்தோலாலான காலணிகளையும் வணிக நோக்கில் இறக்குமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. அரைப்பதத் தோல் ஏற்றுமதியிலிருந்து முழுப்பதத் தோலுக்கும் காலணிக்கும் மாறிக்கொண்டிருந்த ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்துக்கு ஐரோப்பா முதன்மைச் சந்தை. ஆகவே எண்ணெய்த் தொட்டியில் எது கலக்கப்பட்டது என்பது கொள்முதல் செய்பவரின் கேள்வியாயிற்று. உலகெங்கும் மீனெண்ணெயும் செயற்கை எண்ணெய்களும் அவ்விடத்தை நிரப்பின.

வலைக்கு அவ்வாறு எளிய மாற்று வாய்க்கவில்லை, ஏனெனில் அங்கே திமிங்கிலம் மூலப்பொருள் அல்ல, வேண்டாத விளைவு. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. தற்செயலாய்ச் சிக்குவதைத் தடுக்க அதனால் இயலாது. ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானப்படி 1992 இறுதியில் தொடங்கிய பெருமிதவலைத் தடையும் சர்வதேசக் கடற்பரப்புக்கு மட்டுமே உரியது. எனவே இங்கும் சந்தையின் விதியே முந்திக்கொண்டது: கடல் பாலூட்டிகள் வலையில் சிக்குவதைத் தன் நாட்டுக்கு ஒப்பான முறையில் கட்டுப்படுத்தாத நாடுகளின் மீனை வாங்குவதில்லை என்று அமெரிக்கா 2016இல் விதி வகுக்க, இந்தியக் கடலில் திமிங்கிலங்களும் டால்பின்களும் எத்தனை என்று எண்ணும் பணியை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மீன்வள அளவைத் துறையும், கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் நிதியுதவியோடு மேற்கொண்டன.