கண்ணுக்குத் தெரியாத குறையும் ஆகாய யாத்திரையும்

மனித சஞ்சாரத்தின் சரித்திரத்தில் ஆகாய மார்க்கம் மிகவும் பிற்காலத்தது. ஆயினும், பலவீனரைப் பரிவோடு அழைத்துச் செல்லவேண்டும் என்ற எண்ணம் அதன் பால்யப் பருவத்திலேயே தோன்றிவிட்டது. 1930-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் ஓக்லண்டிலிருந்து சிகாகோவுக்குப் புறப்பட்ட விமானத்தில் முதல் பணிப்பெண்ணாகப் பொறுப்பேற்ற எல்லன் சர்ச் என்னும் மாது, ஆஸ்பத்திரியில் தாதித் தொழில் பயின்றவர். அவரைப் பின்பற்றி வந்த பெண்களிடமும் இரண்டாவது உலக மகாயுத்த காலம் வரையில் அந்நாட்டு விமானக் கம்பெனிகள் அந்தப் பயிற்சியையே எதிர்பார்த்தன.

ஆனால், சரீரத்தின் தளர்ச்சியைக் கண்டு கைகொடுத்தவர்களுக்குச் சித்தத்தின் தளர்ச்சி புலப்பட வெகுகாலம் ஆயிற்று. ஜெர்மானிய வைத்தியர் அலோய்ஸ் அல்ஸைமர் 1906-லேயே மறதி நோயொன்றை விவரித்திருந்தும், விமான நிலையங்களில் உதவி என்றால் சக்கர நாற்காலி என்றே நெடுநாள் கருதப்பட்டது. 1986-ல் அமெரிக்காவில் பிறந்த சட்டமும், 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த விதியும் மனக்குறையுள்ள பிரயாணிகளுக்கும் உரிமை அளித்தன. எனினும், நன்றாக உடுத்து, நிமிர்ந்து நடந்து வரும் முதியவரின் உள்ளே நிகழும் குழப்பத்தைச் சட்டப் புத்தகம் ஊழியருக்குக் காட்டிக்கொடுக்கவில்லை.

இதற்கிடையில், 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் விமானங்களைக் கடத்தி நடத்தப்பட்ட தாக்குதலுக்குப் பின் சோதனைகள் கடுமையாயின. காலணியையும் இடுப்புவாரையும் கழற்றச் சொல்வதன் காரணம் விளங்காமல், கைப்பையைப் பிறர் பறித்துக்கொள்வதாக அஞ்சி, ஒவ்வொருவராகக் கடக்கவேண்டிய சோதனை வாயிலில் மனைவியின் கையை விட மறுத்து நிற்கும் மறதி நோயாளி ஒருவர், பிறர் கண்ணுக்கு முரட்டுப் பிரயாணியாகவே தோன்றுவார். கருநிறக் கால்மிதியைக் குழியென்றும் பளபளக்கும் தரையை நீரென்றும் மயங்கி, அடியெடுத்து வைக்கத் தயங்குவதும் இந்நோயில் உண்டு.

இந்த இடைவெளியை நிரப்பிய பெருமை லண்டனுக்குத் தெற்கேயுள்ள காட்விக் விமான நிலையத்தைச் சேரும். 2016-ல் அங்கே பச்சை நிறத்தில் சூரியகாந்திப் பூக்கள் பொறித்த கழுத்துப்பட்டி ஒன்று வழங்கப்பட்டது. அதை அணிந்தவரிடம் வியாதியின் பெயரைக் கேளாமல், சற்று அதிக அவகாசமும் பொறுமையும் காட்டவேண்டும் என்று ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அச்சின்னம் பின்னர் பல தேசங்களின் விமான நிலையங்களுக்குப் பரவியது.

கண்ணுக்குப் புலப்படாத குறைக்கு, சொன்னால்தான் உதவி வரும் என்பதே இச்சரித்திரம் புகட்டும் பாடம். ஐரோப்பிய விதியும் 48 மணி நேரத்திற்கு முன்னதாகத் தகவல் தரும்படியே கேட்கிறது. ஆகவே, முதிய தாய் தந்தையரை அழைத்துச் செல்வோர், குடும்ப கௌரவம் என்று எண்ணி நோயை மறைக்காமல், டிக்கட் வாங்கும்போதே விமானக் கம்பெனிக்குத் தெரிவித்து, அடுத்தடுத்த ஆசனங்களையும் சோதனை வாயிலில் உடனிருக்க அனுமதியையும் கேட்டுக்கொள்வார்களாக.