இடுப்பில் கட்டிய பாரம்

வட ஐரோப்பாவின் பழங்குடிகளான ஸாமி மக்களின் பழைய பனிவண்டிக்குச் சில்லும் கிடையாது, சறுக்குக் கட்டைகளும் கிடையாது. வள்ளமொன்றைக் குறுக்கே அறுத்து முன்பாதியை மட்டும் எடுத்தால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். கூரிய அணியம், வளைந்த பக்கப் பலகைகள், அடியில் அகன்ற ஏராக்கட்டை, பின்னால் நிமிர்த்திவைத்த ஒரு பலகை. துருவமானின் கழுத்துப்பட்டையிலிருந்து ஒரேயொரு வார் வயிற்றுக்குக் கீழாக, கால்களுக்கிடையால் வந்து அணியத்தில் கட்டப்படும். ஓட்டுபவர் கால்நீட்டி உள்ளே உட்கார்ந்து, ஒற்றைக் கடிவாளத்தாலும் தன் உடலைச் சாய்ப்பதாலும் அதைத் திருப்புவார். நோர்வேக்காரர் இதைப் புல்க் என்கிறார்கள். பனிக்கால மலைநடைக்குப் புறப்படும் குடும்பங்கள் இன்று இடுப்பில் கட்டி இழுத்துப்போகும் பிளாஸ்டிக், கண்ணாடிநார் வண்டிகளுக்கும் அதுதான் பெயர். வடிவமும் ஏறக்குறைய அதுதான். மான் இழுத்ததை மனிதர் இழுக்கிறார்.

1980களில் ஈழத்திலிருந்து வந்து நோர்வேயின் பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த தமிழர்களில் நானும் ஒருவன். பனியில் நடக்க எனக்குக் கற்றுத்தந்தவர் அங்கே என்னோடு மீன் வெட்டிய ஸாமிப் பெரியவர் ஒருவர். பொதியை முதுகில் சுமந்தால் அது ஸ்கீயையும் சேர்த்துப் பனிக்குள் அழுத்தும்; புல்க்கில் வைத்தால் பனியே அதைத் தாங்கும் என்பார். பாரமான சாமான் அடியில், நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்கவேண்டும். எரிபொருள் சாப்பாட்டிலிருந்து எட்ட இருக்கவேண்டும். சுடுநீர்ப் போத்தலும் தடித்த மேலங்கியும் எல்லாவற்றுக்கும் மேலே, கையுறையைக் கழற்றாமல் எடுக்கக்கூடிய இடத்தில். சமதரையில் இழுக்கக் கயிறு போதும். இறக்கத்தில் கயிறு உதவாது, வண்டி பின்னால் ஓடிவந்து காலை அடிக்கும். இடுப்புவாரிலிருந்து வண்டிவரை விறைத்த இரண்டு கோல்கள் வேண்டும். பின்னாளில் ஆட்டுத்தோல் விரித்த புல்க்கில் என் பிள்ளைகளை இருத்தி ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக்கு இழுத்துப்போனபோது அவர் சொன்ன ஒவ்வொன்றும் பயன்பட்டது. அந்தக் கடன் எனக்கு உண்டு. இந்த வண்டியின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கியதும் அதனால்தான். வாசிக்க வாசிக்க, இதே கடனைப்பட்டும் வாய்திறந்து சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பது தெரியவந்தது.

பனிவண்டி மிகப் பழையது. பின்லாந்தின் ஹெய்னோலாவில் கிடைத்த பைன் மரச் சறுக்குக் கட்டை ஒன்று ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையுடையது. ஸாமிகளின் வள்ளவடிவ வண்டி ஐரோப்பியப் படிப்பாளிகளுக்கு நன்றாக அறிமுகமானது யொஹன்னஸ் ஷெஃபரஸ் 1673ல் வெளியிட்ட லப்போனியா என்ற நூலால். ஆள் ஏறுவதற்கு ஒரு வகை, சுமைக்கு ஒரு வகை, உணவையும் நல்ல துணிமணிகளையும் வைத்துப் பூட்ட மூடிபோட்ட இன்னொரு வகை என்று ஸாமித் தச்சர் செய்தார்கள். இடம்பெயரும் காலத்தில் மான்களையும் வண்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்து நீண்ட வரிசையாகப் போவார்கள். கைக்குழந்தை தோல்தொட்டிலில் படுத்தபடி வண்டியில் போகும். 1960களில் பனி மோட்டார் வந்தது. சில ஆண்டுகளுக்குள் மான் பூட்டிய வண்டி அன்றாட வாழ்விலிருந்து போய்விட்டது.

இளம்பனியில் வள்ளவடிவம் மிதக்கும். இறுகிய பனியில் இரண்டு சறுக்குக் கட்டைமேல் நிற்கும் வண்டி விரைவாக ஓடும். நோர்வே விவசாயிகள் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார்கள். சறுக்குக் கட்டைக்குப் பதிலாக ஸ்கீபோன்ற அகன்ற பலகைகளைப் பூட்டிய இலேசான கைவண்டி அது. காட்டிலிருந்து விறகும் மலைக்குடிலிலிருந்து வைக்கோலும் கொண்டுவர அதை இழுத்தார்கள். பனியில் பிறந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கவலைதான் இருந்தது: வண்டி தன் சொந்தப் பாரத்தால் மனிதரைக் கொல்லக்கூடாது.

பிரித்தானியக் கடற்படை இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1845ல் ஜோன் பிராங்ளின் உட்பட 129 பேர் வடமேற்குக் கடல்வழி தேடிப் போய் எவரும் திரும்பவில்லை. அவர்களைத் தேடிப்போன மாலுமிகள், கயிற்றில் தங்களைப் பூட்டிக்கொண்டு பெரும் வண்டிகளை இழுத்தார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பெயர், ஒரு கொடி, ஒரு முழக்கவரி. 1859ல், தேடிப்போனவர்களில் ஒருவரான மெக்கிளின்டொக்கின் குழு கிங் வில்லியம் தீவில் பிராங்ளின் ஆட்களின் வண்டியொன்றைக் கண்டது. ஓக் மரச் சட்டத்தின்மேல் ஒரு படகு, அதற்குள் இரண்டு எலும்புக்கூடுகள். படகும் வண்டியுமே 600 கிலோவுக்கு மேல். உள்ளே வெள்ளிக் கரண்டிகள், முள்கரண்டிகள், புத்தகங்கள், சவர்க்காரம், சீப்பு, பட்டுக் கைக்குட்டை, தேயிலை, சொக்கலேட். பசியாலும் நோயாலும் மெலிந்த மனிதர் இதை இழுத்திருக்கிறார்கள். அதே காலத்தில் அதே நிலத்தில் ஹட்சன் குடாக் கம்பனியின் ஜோன் ரே, இனூயிட் மக்களிடம் பனிவீடு கட்டக் கற்று, சிறு பொதியோடு பல நூறு மைல் நடந்து திரும்பினார். பிராங்ளின் குழுவுக்கு நேர்ந்ததை இனூயிட் வாய்மொழியாகக் கேட்டு 1854ல் உலகுக்குச் சொன்னவரும் அவர்தான். லண்டன் அவரைக் கொண்டாடவில்லை.

மனிதர் இழுக்கும் வண்டிக்குப் புதுக்காலம் 1888ல் பிறந்தது. அந்த ஆண்டு 26 வயது நோர்வேக்காரர் பிரிட்யொப் நான்சென் கிறீன்லாந்தை ஸ்கீயில் குறுக்கே கடக்கத் துணிந்தார். நாய்களையும் துருவமான்களையும் யோசித்து, இயலாதென்று கண்டு, தாங்களே இழுப்பதென முடிவுசெய்தார். விவசாயிகளின் அந்த அகன்ற பலகை வண்டியை முன்மாதிரியாக வைத்து, ஒன்பதரை அடி நீளத்தில், ஆணி அறையாமல் தோல்வாரால் மூட்டுகளைக் கட்டி வண்டி செய்வித்தார். ஆணி அடித்த மரம் கரடுமுரடான பனியில் பிளக்கும். வார் கட்டிய மரம் வளைந்து கொடுக்கும். அடியில் எஃகுத் தகடு பூட்டியும் ஒரு வண்டி 13 கிலோ அளவுதான்.

அவரோடு சென்ற ஐந்து பேரில் இருவர் காராஷோக்கைச் சேர்ந்த ஸாமிகள், சமுவேல் பால்டோவும் ஊலெ நில்சென் ராவ்னாவும். ராவ்னா மான் மேய்க்கும் குடும்பத்தலைவர், ஊரில் மனைவி பிள்ளைகளை விட்டுவந்தவர். ஓகஸ்ட் நடுவில் கிழக்குக் கரையிலிருந்து ஏறினார்கள். ஐந்து வண்டிகள். நான்கை ஆளுக்கொன்றாக இழுக்க, இரட்டைப் பாரமுள்ள ஐந்தாவதை நான்செனும் ஒட்டோ ஸ்வெர்ட்ரூப்பும் சேர்ந்து இழுத்தார்கள். 2,700 மீற்றருக்கு மேல் உயரம், இரவில் சுழியத்துக்குக் கீழே நாற்பது பாகைக்கும் கீழான குளிர். பனி உருக்க எரிபொருள் போதாததால் பனிக்கு நடுவே தாகம். காற்று வாய்த்த நாளில் வண்டிகளைச் சேர்த்துக் கட்டி, கூடாரத் துணியைப் பாயாக விரித்து மேற்கே ஓடினார்கள். கரையை அடைந்ததும் துணியும் காட்டுக் கம்புகளும் கொண்டு ஒரு சின்னப் படகு கட்டினார்கள். நான்செனும் ஸ்வெர்ட்ரூப்பும் அதில் துடுப்புப் போட்டு ஒக்டோபர் 3ல் கொட்ஹோப் போய்ச் சேர்ந்தார்கள். இன்று அந்த ஊர் நூக். ஆறுபேரும் உயிரோடு திரும்பினார்கள். அதற்குப் பிறகு துருவத்துக்குப் போன பலர் நான்சென் வண்டியைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

நல்ல வண்டி இருந்தும் பனி இடங்கொடாத நேரம் உண்டு. 1911 யூன் 27ல், அந்தாட்டிக்காவின் சூரியனில்லாக் காலத்தில், பிரித்தானியத் தென்துருவப் பயணி ஸ்கொட்டின் முகாமிலிருந்து வில்சன், பவர்ஸ், செரி-காரார்ட் மூவரும் பெங்குவின் முட்டை தேடிக் கேப் குரோசியருக்குப் புறப்பட்டார்கள். இரண்டு வண்டிகளில் 757 இறாத்தல், அதாவது 340 கிலோவுக்கு மேல். ஓடும் வண்டியின் உராய்வில் பனி மெல்லிதாக உருகினால்தான் வழுக்கல் வரும். அந்தக் குளிரில் அது உருகவில்லை, மணல்போலக் கிடந்தது. இரண்டு வண்டியையும் ஒன்றாக அசைக்க முடியாமல், ஒன்றைக் கொண்டுபோய் விட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கள் தடம் பார்த்துத் திரும்பி வந்து மற்றதை இழுத்தார்கள். ஒரு மைல் முன்னேற மூன்று மைல் நடை. குளிர் ஒருநாள் −60.8 பாகை செல்சியஸ். மூன்று முட்டைகளோடு ஓகஸ்ட் 1ல் திரும்பினார்கள். செரி-காரார்ட் 1922ல் எழுதிய நூலில் இதை வாசித்த பிறகு, புல்க் பாரமென்று நான் ஒருநாளும் முறையிட்டதில்லை.

தென்துருவப் போட்டியின் கதை தெரிந்ததே. நோர்வேயின் அமுண்ட்செனிடம் நாய்கள் இருந்தன. மோர்கெடால் தச்சர் ஊலாவ் பியோலாண்ட் குளிர்காலம் முழுக்க வண்டிகளைச் சீவிச் சீவிப் பாரம் குறைத்துக் கொடுத்தார். ஸ்கொட்டும் நான்கு தோழரும் கடைசிவரை தாங்களே இழுத்தார்கள். அவர்களில் மூவரின் உடல்கள் 1912 நவம்பரில் கண்டெடுக்கப்பட்டபோது, அவர்கள் விடாமல் இழுத்துவந்த 16 கிலோ கற்களும் கூடவே கிடைத்தன. அந்தக் கற்களை வீண்பாரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் உடன்படமாட்டேன். அவற்றில் இருந்தது குளொசொப்டெரிஸ் என்ற தாவரத்தின் புதைபடிவம். இந்தியாவின் நிலக்கரிப் படுகைகளில் கிடைப்பதும் அதே தாவரம்தான். நம் நிலமும் அந்தப் பனிநிலமும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்ததற்கு அது சாட்சி. எல்லாப் பாரமும் ஒன்றல்ல.

வள்ளவடிவம் திரும்பி வந்தது இருபதாம் நூற்றாண்டில். 1939–40 பனிக்காலப் போரில் பின்லாந்துப் படை, ஸ்கீ வீரர் இழுக்கும் வள்ளவடிவ வண்டிகளில் இயந்திரத் துப்பாக்கியும் காயப்பட்டவர்களையும் கொண்டுபோனது. பிறகு அமெரிக்க இராணுவமும் அவ்வடிவத்தை எடுத்துக்கொண்டது. கண்ணாடிநார் வந்ததும் மீட்புப்பணியாளரும் மலைநடைக்காரரும் அதற்கு மாறினார்கள். தனியாகத் தென்துருவம் சென்ற எர்லிங் காகெ 1993லும் லீவ் ஆர்னெசென் 1994லும் இழுத்தது, 1996–97ல் பொர்கெ ஊஸ்லாண்ட் சுமார் 180 கிலோவோடு தொடங்கி 64 நாளில் அந்தாட்டிக்காவைத் தனியே கடந்தபோது இழுத்தது, எல்லாம் அந்த வள்ளத்தின் வழிவந்தவையே. 2009ல் தென்துருவம்வரை ஸ்கீயில் சென்ற முதல் இந்தியப் பெண் ரீனா கௌஷல் தர்மசக்துவின் இடுப்பிலும் அதுதான் கட்டியிருந்தது.

பால்டோ பிற்காலத்தில், 1898ல், துருவமான்களோடு அலாஸ்காவுக்குப் போன ஸாமிக் குழுவில் ஒருவராகப் போனார். 1921ல் அங்கேயே இறந்தார். 1925ல் அலாஸ்காவின் நோம் நகருக்கு டிப்தீரியா மருந்து கொண்டுபோய்ச் சேர்த்த வண்டியின் முன்னணி நாய்க்கு அவருடைய பெயரைத்தான் வைத்திருந்தார்கள். நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் சிலையாக நிற்பது அந்த நாய். நோர்வேயில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் பள்ளியில் நான்சென் கதையைப் படித்துவிட்டு வரும்போது, பால்டோ, ராவ்னா என்ற பெயர்களையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.