கறவை ரோபோவின் தண்ணீர்க் கணக்கு

1992இல் நெதர்லாந்துப் பண்ணைகளுக்குக் கறவை ரோபோக்கள் வந்தபோது அவற்றுக்காக எடுத்துரைக்கப்பட்ட நியாயம் கூலியாள் செலவும் விடியற்காலை வேலையும்தான். தண்ணீர் அப்போது விவாதப் பொருளாகவே இல்லை. இன்று ஒரு தரப்பு ரோபோ தண்ணீரை மிச்சப்படுத்துகிறது என்கிறது. மறுதரப்பு இரவும் பகலும் ஓயாமல் தன்னைக் கழுவிக்கொள்ளும் இயந்திரம் என்று அதைக் குறைகூறுகிறது. இரு தரப்பும் கையாளும் அலகு ஒன்றே: ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர். இந்த அலகு தானியங்கிக் கறவைக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ரோபோவின் நீர்ச்செலவை முடிவுசெய்வது, மாடு நின்று கறக்கப்படும் ஒரு கறவைப் பெட்டி ஒரு நாளில் எவ்வளவு பால் கறக்கிறது, அதை மாடுகளின் எத்தனை வருகைகளில் கறக்கிறது என்பவைதான்.

இருக்கும் சான்றுகளில் நுணுக்கமானது, வடகிழக்கு ஜெர்மனியின் வணிகப் பண்ணை ஒன்றில் எடுக்கப்பட்டு 2016இல் ‘வாட்டர்’ ஆய்விதழில் வெளியான அளவீடு. 176 மாடுகள் கொண்ட ஒரே கொட்டிலில் ரோபோவும், மாடுகளை மீன்முள் வரிசையில் சாய்வாக நிறுத்தும் வழக்கமான கறவைக்கூடமும் இயங்கின. 38 நீர்மானிகள் 806 நாட்கள் மணிக்கொரு முறை பதிவுசெய்தன. துப்புரவுக்கு ரோபோ பகுதியில் மாடொன்றுக்கு நாளுக்கு 28.6 லிட்டரும் கறவைக்கூடத்தில் 33.8 லிட்டரும் செலவாயின. ரோபோ வென்றுவிட்டது என்று இதைப் படிப்பவர்கள் திட்ட விலக்கத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள்: முறையே 14.8, 14.1 லிட்டர். இரு முறைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 5.2 லிட்டர், ஒரே முறைக்குள் நிகழும் ஏற்ற இறக்கமோ அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே எந்த இயந்திரம் என்ற கேள்வியைவிட, அது எப்படி இயக்கப்படுகிறது என்ற கேள்விக்கே கனம் அதிகம். (அதே ஆய்வில் ரோபோ பகுதி மாடுகள் 91.1 லிட்டரும் மற்றவை 54.4 லிட்டரும் குடித்தன. இதை இயந்திரத்தின் தலையில் கட்டுவது தவறு. பாலின் அளவும் தீவனமும் வெயிலும் குடிநீரைத் தீர்மானிப்பவை.)

இயக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ரோபோவின் துப்புரவு நீரில் ஒரு பங்கு நிலையானது: பால் செல்லும் குழாய்களை நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை வெந்நீராலும் காரம், அமிலம் கலந்த நீராலும் முழுமையாகக் கழுவுதல். பெட்டிக்கு 60 மாடுகள் வந்தாலும் 40 மாடுகள் வந்தாலும் இந்தக் கழுவல் ஒன்றே. 40 மாடுகளுக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஒன்றரை மடங்காகிறது. மற்றொரு பங்கு வருகையைப் பொறுத்தது: காம்பைத் தூய்மைப்படுத்துதல், கறந்தபின் காம்புக் குவளைகளை அலசுதல். மாடு 6 கிலோ தந்தாலும் 14 கிலோ தந்தாலும் இதற்கான நீர் ஏறக்குறைய மாறுவதில்லை. எனவே ஒரு மாடு எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு மீண்டும் கறக்கப்படலாம் என்று மென்பொருளில் குறிக்கும் இடைவெளி, உண்மையில் ஒரு நீர்க்கட்டுப்பாடும் ஆகும். பால் வற்றும் நிலையிலுள்ள மாட்டை நாளைக்கு மூன்று முறை பெட்டிக்குள் அனுமதிக்கும் பண்ணை, ஒவ்வொரு கிலோ பாலுக்கும் கூடுதல் நீர் செலவிடுகிறது. மாட்டுக் கணக்கில் இந்த வீண்செலவு தனித்துத் தெரியாது. பால் கணக்கில் உடனே தெரியும். கறவைக்கூடத்தின் செலவு வேறு வகை: கறவைக்காக மாடுகளைக் கூட்டி நிறுத்தும் முற்றத்தைக் குழாய் வைத்துப் பீய்ச்சிக் கழுவுவதில் அது பெருமளவு போகிறது. மாடு தன் விருப்பப்படி தனியாக வரும் முறையில் அந்த முற்றத்தின் தேவை பெரிதும் குறைகிறது. ரோபோவின் மெய்யான சேமிப்பு இதுவே.

இத்தனை ஆராய்ச்சியும் வீண் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. நீர்த்தட ஆய்வாளர்களான மெக்கோனன், ஹுக்ஸ்ட்ரா ஆகியோரின் உலகச் சராசரிக் கணக்கில் ஒரு கிலோ பாலின் நீர்த்தடம், அதாவது அதை உற்பத்திசெய்யச் செலவாகும் மொத்த நீர், சுமார் 1,020 லிட்டர்; அதன் பெரும்பங்கு தீவனம் விளைவிக்கச் செல்வது. மாடு நாளைக்கு 30 கிலோ தருவதாகக் கொண்டால் ஜெர்மன் பண்ணையின் துப்புரவு நீர் கிலோவுக்கு ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைவு, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. எண்ணில் பிழையில்லை, அதிலிருந்து எட்டும் முடிவில்தான் பிழை. அந்த 1,020 லிட்டரில் 863 லிட்டர் பயிர் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும் மழைநீர். துப்புரவு நீரோ கிணற்றிலிருந்தோ குழாயிலிருந்தோ எடுக்கப்பட்டு, சூடாக்க எரிபொருளோ மின்சாரமோ செலவிடப்பட்டு, பெரும்பாலும் சாணக் கழிவுத் தொட்டியில் போய்ச் சேருவது. 100 மாடுகளுக்கு நாளொன்றுக்கு 2,860 லிட்டர் என்றால் 180 நாட்களில் அது சுமார் 515 கனமீட்டர். ஜெர்மன் உரச் சட்டம் குறைந்தது ஆறு மாதக் கழிவைத் தேக்கிவைக்கும் கொள்ளளவைக் கோருகிறது. ஆக, அவ்வளவு தண்ணீருக்கும் தொட்டி கட்ட வேண்டும். பிறகு உரச்சத்து நீர்த்துப்போன அந்தக் கழிவை டீசல் எரித்து வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். பண்ணையின் வாசலில் அற்பமாகத் தெரியும் நீர், கொல்லைப்புறத்தில் பெரும் செலவாகிறது.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது: நீரைக் குறைத்தால் பால் கெடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கறந்த பசும்பாலில் மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் நுண்ணுயிர்களே வரம்பு. நாள் முழுக்க இயங்கும் ரோபோவில் பால் எச்சம் குழாய்களில் படிய வாய்ப்பு மிகுதி. கழுவல்களுக்கு இடையே நேரத்தை நீட்டிப்பது ஆபத்து. இதை மறுக்க இயலாது, மறுக்கத் தேவையுமில்லை. ஏனெனில் இங்கே முன்வைப்பது கழுவலைக் குறைப்பதை அன்று, கழுவல் நீரை வகுக்கும் எண்ணை உயர்த்துவதை. நிரம்பிய பெட்டி, மாட்டின் பால் நிலைக்கேற்ற இடைவெளி, கடைசி அலசல் நீரைச் சேமித்துத் தரை கழுவுதல், பாலைக் குளிர்வித்ததில் வெதுவெதுப்பான நீரை மாடுகளுக்குக் குடிக்கத் தருதல் ஆகிய எதுவும் குழாயின் தூய்மையைத் தொடுவதில்லை.

ஆகவே இத்துறையில் இனி வெளியிடப்படும் அளவீடுகள் ஒரு கிலோ பாலுக்கான துப்புரவு நீர், பெட்டியொன்றுக்கான மாடுகள், வருகையொன்றுக்கான பால், கழிவுத் தொட்டியில் சேரும் நீர் ஆகிய நான்கையும் சேர்த்தே தர வேண்டும். இவை இல்லாமல் மாட்டுக்கு இத்தனை லிட்டர் என்று சொல்லும் எந்த ஒப்பீட்டையும், உற்பத்தியாளர் தந்தாலும் ஆய்வாளர் தந்தாலும், ரோபோவுக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ எடுத்துக்கொள்ள முடியாது.